இரவல் முற்றத்தில் எத்தனை நாள்?

2021 பெப்ரவரி 18ஆம் நாள் காலையில் முகநூலைத் திறந்த ஆஸ்திரேலியர்கள் திகைத்தனர். செய்தி ஊடகங்களுக்குக் கட்டணம் செலுத்தக் கோரும் சட்டமுன்வடிவை எதிர்த்து, அந்நிறுவனம் இந்நாட்டில் செய்திகளை முடக்கியிருந்தது. ஏபிசி, எஸ்பிஎஸ் பக்கங்களோடு வானிலை நிலையத்தின் பக்கமும், சில மாநிலச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் வெறுமையாயின. சில நாட்களில் அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது, நாமும் மறந்துவிட்டோம்.

சிட்னியிலும் மெல்பேணிலும் நம் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் அறிவிப்புகள் இன்றும் இத்தகைய தளங்களையே நம்பியுள்ளன.

மாற்று இல்லாமல் இல்லை. 2010இல் நியூயோர்க் மாணவர் நால்வர் தொடங்கிய கட்டற்ற வலையமைப்பின் பெயரே ‘டயஸ்போரா’; புலம்பெயர் சமூகம் என்பது பொருள். 2016இல் மாஸ்டடான் வந்தது. எவரும் தமக்கென வழங்கி நிறுவலாம். மின்னஞ்சல் போல, பிற வழங்கிகளில் உள்ளோருடன் உரையாடலாம். விளம்பரத்துக்காக நம்மை வேவு பார்ப்பதில்லை. எனினும் வழங்கியை நடத்துபவரால் தனிமடல்களைப் படிக்க இயலும். எனவே அவர் நம்பிக்கைக்குரியவராக இருத்தல் வேண்டும்.

2022இல் ட்விட்டர் கைமாறியபோது இலட்சக்கணக்கானோர் மாஸ்டடானை நாடினர், பலர் நிலைக்கவில்லை. உற்றாரும் நண்பரும் பழைய இடத்திலேயே இருந்தனர். எண்ணிக்கையில் இவை முகநூலை வெல்லா என்பதே எமது கணிப்பு.

ஆனால் நமக்கு வேண்டியது வெற்றியன்று, பாதுகாப்பு. அமைப்புகள் உறுப்பினரின் மின்னஞ்சல் பட்டியலைத் தம் கையில் வைத்திருக்கட்டும். அறிவிப்புகளை முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடட்டும். பல சங்கங்கள் செலவைப் பகிர்ந்து ஒரு பொது வழங்கியை நடத்தட்டும். கதவு மீண்டும் ஒருநாள் மூடப்படுமுன் இதைச் செய்வோமா?