தகரக் கூரையும் பாதி ஆன்டெனாதான்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உடன்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மாவட்டத்தில் பல இடங்களில் கரண்ட் போனது; பின்னாலேயே செல்போன் சிக்னலும் போனது. கையில் போன் இருந்தும், ‘நல்லாயிருக்கோம்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

ஹாம் ரேடியோவுக்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். ஒரு செட், ஒரு கார் பேட்டரி, ஒரு ஆன்டெனா போதும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழுதான் அந்தமான் தகவல்களை வெளியே சொன்னது. 12 வயது நிரம்பியிருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி லைசென்ஸ் வாங்கலாம்.

‘நம்முடையது மாடி வீடில்லையே, தகரக் கூரைதானே’ என்று தயங்கவே வேண்டாம். நெட்டாக நிற்கும் ஆன்டெனாவில் கம்பி ஒரு பாதிதான். அதன் காலடியில் விரிந்திருக்கும் உலோகம் மறுபாதி. கான்கிரீட் மாடிக்காரர் அதற்காகத் தனியாகக் கம்பிகள் விரிக்க வேண்டும். தகர வீட்டுக்காரருக்கு அது ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது!

ஊருக்குள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் கம்பி போதும். தூரத்து ஊர்களைப் பிடிக்கும் 7 மெகாஹெர்ட்ஸுக்கோ சுமார் 10 மீட்டர் வேண்டும். அந்த உயரத்துக்குச் சின்ன வீட்டுக் கூரை பத்தாது. கூரையோடு சேர்த்துச் சில கம்பிகளையும் விரிக்க வேண்டும்.

கம்பி தகரத்தைத் தொடக்கூடாது, நடுவில் பிளாஸ்டிக் தாங்கி இருக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பி ஆன்டெனாவுக்கு, மேல் வலை தகரத்துக்கு. பலரும் கோட்டைவிடுவது அடுத்ததில்தான். ஒரு ஷீட் மேல் இன்னொன்று படுத்திருப்பதால் மட்டும் இரண்டும் இணைந்துவிடாது. நடுவில் பெயின்ட் இருக்கும், துரு இருக்கும். சுரண்டிவிட்டு, உலோகப் பட்டை வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டால் முடுக்க வேண்டும். செம்பை நேராகத் தகரத்தில் வைத்தால் உப்புக்காற்று சீக்கிரமே அரித்துவிடும். துருப்பிடித்த இணைப்பு ரேடியோவில் கரகரப்பையும் கொண்டுவரும்.

துளை போட்ட இடத்தில் ரப்பர் வாஷரும் சிலிகானும் அவசியம். கீழே கருப்பட்டி அடுக்கியிருக்கும் வீடென்றால் சொல்லவே வேண்டாம், ஒரு சொட்டு போதும் கசிய! ஆடிக் காற்றுக்கு மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும்.

கம்பி சாய்ந்தால்கூட இ.பி. லைனைத் தொடாத தூரத்தில்தான் நிறுத்த வேண்டும். கூரைக்குக் கனமான எர்த் கம்பியும் வேண்டும். இடிமழை வருவதற்கு முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி தூரத்தில் கேட்டால்கூட அதைத் தொடவே கூடாது.