குழந்தையின் விருப்பமா, வழக்கின் விளைவா?

வீட்டுக்கு வரும் உறவினர்கள் சிறு குழந்தைகளிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" விவரமான குழந்தை, "இரண்டு பேரையும்" என்று சொல்லித் தப்பித்துவிடும். குடும்பநல நீதிமன்றத்தில் இதே கேள்வி எழும்போது, அந்த ஒரு பதிலுக்கு மட்டும் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

பெற்றோர் பிரியும்போது குழந்தையின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பளிப்பது? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் சிறார் சட்டத்தின் 17(3) பிரிவு, அறிந்து விருப்பம் தெரிவிக்கும் வயதைக் குழந்தை எட்டியிருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அந்த வயது எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் ஹிந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமோ, ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று கூறி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனை வைக்கிறது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்வதைக் குழந்தையின் உரிமையாகவே அங்கீகரிக்கிறது. விருப்பத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது என்பது உச்சநீதிமன்றம் தொடர்ந்து எடுத்துவரும் நிலைப்பாடு.

எனவே, கேட்பதா வேண்டாமா என்பதில் இனி விவாதம் இல்லை. எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

நான் பொருளியல் கற்பித்தவன். ஒருவரின் தேர்வு அவரது விருப்பத்தைக் காட்டுகிறது என்று வகுப்பில் சொல்லும்போதே இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்வேன். தேர்ந்தெடுப்பவருக்கு எதிரிலுள்ள வாய்ப்புகள் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்காக அவர் தண்டிக்கப்படும் நிலை இருக்கக் கூடாது. வழக்கில் சிக்கிய குழந்தைக்கு இவை இரண்டுமே வாய்ப்பதில்லை. ஒரு வீட்டை அது முழுமையாக அறியும். மற்றவரை வார இறுதியில், சில மணி நேரம், சந்திப்பு அறையில் மட்டுமே அறியும். நீதிபதியிடம் எதைச் சொன்னாலும், அன்று மாலை அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் கிடைக்காததை விரும்புவதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே, விருப்பத்தை மட்டும் கொண்டு நலனை அளக்கக் கூடாது என்று அமர்த்திய சென் வாதிட்டார். வறியவர்களைப் பற்றிய அந்தக் கருத்து இக்குழந்தைகளுக்கும் பொருந்தும். 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், இரண்டு வயது நிறையும் முன்பே தாயைப் பிரிந்த சிறுமி பல ஆண்டுகள் தந்தையிடம் வளர்ந்திருந்தாள். அந்த ஒட்டுதலை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், தாயுடன் வாழும் வாய்ப்பும் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது.

ஆறு வயதில் தொடங்கிய வழக்கில் பத்து வயதில் குழந்தையிடம் கேட்டால், அது சொல்வதில் விருப்பம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? குழந்தையைத் தன்னிடம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஆதாயம், மற்றவருக்கு நட்டம். தாமதத்துக்கு இப்படிப் பரிசளிக்கும் முறையில், தாமதம் பெருகுவதில் வியப்பில்லை.

ஹிந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, குழந்தையின் பராமரிப்புச் செலவு, கல்வி தொடர்பான இடைக்கால மனுக்களை, நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்கச் சொல்கிறது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற மனுவுக்கு அந்தக் காலவரம்பு இல்லை. பணத்துக்கு இருக்கும் அவசரம் பாசத்துக்கு இல்லை. இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டமோ, குழந்தையின் விருப்பத்தையும் உணர்வுகளையும் பார்க்கச் சொல்லும் அதே முதற்பிரிவில், தாமதம் பொதுவாகக் குழந்தையின் நலனுக்குக் கேடு என்பதையும் எழுதிவைத்திருக்கிறது.

இதனால் குழந்தையின் சொல்லைப் புறந்தள்ளலாம் என்று பொருளில்லை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்குச் சில நேரங்களில் குழந்தை மட்டுமே சாட்சி. அதன் அச்சத்தை, மற்றவர் சொல்லிக்கொடுத்த பாடம் என்று ஒதுக்குவது பேராபத்து. பதினான்கு வயதுப் பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாக இடம் மாற்றுவதும் நடைமுறையில் பலிக்காது.

செய்ய வேண்டியவை மூன்று. பொறுப்பு குறித்த இடைக்கால மனுவுக்கும் 60 நாள் வரம்பு வேண்டும். வன்முறைப் புகார் இருந்தால் விசாரணைக்குக் கூடுதல் அவகாசம் தரலாம். இரண்டாவது, குழந்தையைத் தொடக்கத்திலேயே, பெற்றோர் இல்லாத தனியறையில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசவைக்க வேண்டும். ஆலோசகர்கள், நல வல்லுநர்களின் உதவிக்கு 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டமே வழிசெய்துள்ளது. "யார் வேண்டும்?" என்று கேட்பதைவிட, "காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்? பள்ளியில் நடந்ததை யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டால் உண்மை கூடுதலாகத் தெரியும். மூன்றாவது, ஆபத்து இல்லாத வழக்குகளில், தீர்ப்பு வரும்வரை இருவருடனும் குழந்தை உண்டு, உறங்கி, படிக்கும் அளவுக்கு நேரம் அமைய வேண்டும். கூட்டுப் பொறுப்புக்கு வழிகாட்டும் சட்ட ஆணையத்தின் 257-ஆவது அறிக்கை 2015-இல் வெளியானது; அது இன்னும் சட்டமாகவில்லை.

உறவினரிடம் "இரண்டு பேரையும்" என்று சொல்லும் குழந்தை சாமர்த்தியத்தால் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. பல நேரங்களில் அதுதான் உண்மை. அந்தப் பதிலை மறக்கவைக்கும் அளவுக்கு வழக்கை இழுத்துவிட்டு, பிறகு குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது நீதியாகாது.