ஒன்பது மணி வரை காத்து நிற்பவர்கள்

வார நாட்களில் காலை 8.50 மணிக்கு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் பக்கம் வந்து பாருங்கள். பஸ் தரிப்பிடத்தில் எங்கள் வயதுக்காரர் ஐந்தாறு பேர் நிற்பார்கள். பஸ் வரும், கதவு திறக்கும், ஆனால் அவர்கள் ஏறமாட்டார்கள். சாரதி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விடுவார். பஸ்ஸில் இடம் இருந்தது. மணிதான் இன்னும் ஒன்பது ஆகவில்லை.

போன மாசி மாதம் நானும் அப்படித்தான் நின்றேன். சாரல் மழை, காதை அறுக்கிற காற்று. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கேட்டார்:

"அண்ணை, இப்ப எத்தனை மணி?"

"எட்டு ஐம்பத்திரண்டு."

"அப்ப இன்னும் எட்டு நிமிசம் நிக்கவேணும்" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஒன்பதே காலுக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை. "காசைக் குடுத்துப் போங்கோவன், பிந்தப் போகுது" என்றேன். "சும்மா போற பஸ்ஸுக்கு ஏன் அண்ணை காசு குடுப்பான்?" என்றார். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதே காரணத்துக்காகத்தானே அங்கே நின்றுகொண்டிருந்தேன்!

இங்கிலாந்தின் பஸ் சாரதிகள் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: "ட்விர்லி." நேரத்துக்கு முன்னமே அட்டையை நீட்டி, "ஆம் ஐ டூ ஏர்லி?" என்று கேட்கிற கிழவர் கிழவிகள். அந்த "டூ ஏர்லி"யை வேகமாகச் சொன்னால் "ட்விர்லி." முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். எனக்கும் அட்டை கிடைத்தபிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஃப்ரீடம் பாஸின் கதை பழையது. 1973இல் அன்றைய பெருநகர லண்டன் சபை தொடங்கியது. 1986இல் அந்தச் சபையே கலைக்கப்பட்டபோதும் இந்த அட்டை நின்றுவிடவில்லை. இன்று லண்டன் உள்ளூராட்சி சபைகள் எல்லாம் சேர்ந்து இதற்குப் பணம் கொடுக்கின்றன. ஆண்டுக்கு 30 கோடி பவுண்டுக்கும் மேல். சிறிய தொகை இல்லை. அதை நான் மறக்கவும் இல்லை. 2009இலிருந்து பஸ், பாதாள ரயில் போன்ற சேவைகளில் நாள் முழுக்க, எந்த நேரமும் இந்த அட்டை செல்லுபடியாக இருந்தது. அது பதினொரு வருடம் நீடித்தது.

பிறகு கொரோனா வந்தது. ரயிலும் பஸ்ஸும் வெறிச்சோடி ஓடின. கட்டணப் பணம் வராமல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் அரசாங்கத்திடம் கையேந்த வேண்டியதாயிற்று. 2020இல் அரசாங்கம் கொடுத்த உதவிக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, முதியவர்களின் இலவசப் பயணத்தைக் காலை நெரிசல் நேரத்தில் நிறுத்திவைப்பது. அந்த ஆனியில் அது நடைமுறைக்கு வந்தது. தற்காலிகம் என்றார்கள். அந்த நேரத்தில் அது சரியாகவும் பட்டது. நோய் எங்களைத்தானே முதலில் தேடி வந்தது! ஆனால் 2023 தை மாதத்தில் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். 60 வயதுக்கு மேற்பட்டோரின் ஒயிஸ்டர் அட்டைக்கும் இதே விதிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான பாஸுக்கு மட்டும் இந்தச் சேவைகளில் நேரக் கட்டுப்பாடு இல்லை.

இப்போதைய விதி இதுதான்: வார நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மறுநாள் விடிய நாலரை வரை இலவசம். நாலரையிலிருந்து ஒன்பது வரை காசு. அதாவது, இரவு மூன்று மணிக்குக் கூத்துப் பார்த்துவிட்டு வருகிற 70 வயதுக்காரர் இலவசமாக வீடு வரலாம். விடிய ஐந்து மணிக்கு அலுவலகம் கூட்டித் துடைக்கப் போகிற 67 வயதுப் பெண் காசு கொடுக்கவேண்டும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். விடியப்புறத்துப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நகரத்தின் பெரிய கட்டடங்களைத் துப்புரவாக்கப் போகிறவர்கள், பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்கள், கடை திறக்கப் போகிறவர்கள். அவர்களில் தலை நரைத்தவர்கள் எத்தனை பேர்! எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். பிந்தி இந்த நாட்டுக்கு வந்தபடியால் முழுப் பென்சனுக்கு வேண்டிய வருடங்கள் சேராதவர்கள். ஒரு பஸ் பயணம் இன்றைய கணக்கில் 1.75 பவுண்ட். வாரம் ஐந்து காலை 8.75. வருடத்தில் 48 வாரம் வேலை என்றால் 420 பவுண்ட். வசதியானவருக்கு அது ஒரு விடுமுறைப் பயணத்தின் விமானச் சீட்டு. இவர்களுக்குக் குளிர்கால ஹீட்டர் காசு.

அடுத்தது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற தாத்தா, அம்மம்மாமார். பள்ளிக்கூட மணி ஒன்பதுக்கு முன்னமே அடித்துவிடும். பிள்ளைகள் பஸ்ஸில் இலவசம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் காசு. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதே இவர்கள் இருக்கிற துணிவில்தான். மூன்றாவது, ஆஸ்பத்திரிக்கும் டொக்டரிடமும் போகிறவர்கள். காலை நேரத்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்?

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். என் மகன் தினமும் முழுக் காசு கொடுத்து, நெரிசலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறான். சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கடனுக்குப் போகிறது. அவனுக்குப் பக்கத்தில், வீட்டுக்கடன் எல்லாம் கட்டி முடித்து, நல்ல உத்தியோகத்திலும் இருக்கிற 66 வயதுக் கனவான் இலவசமாக இருந்து போனால் அவனுக்கு எரிச்சல் வராதா? வரும். அது நியாயமான எரிச்சல். ஆகவே பாதாள ரயிலில் காலை நெரிசல் நேரக் கட்டுப்பாடு இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது பஸ்ஸை மட்டும்.

ஏன் பஸ்? பாதாள ரயிலில் நெரிசல் நேரத்துக்கு எல்லோருக்குமே கட்டணம் கூட. காலையும் அப்படி, மாலையும் அப்படி. பஸ்ஸில் அப்படி இல்லை. விடிய ஐந்துக்கும் 1.75, மத்தியானமும் 1.75. லண்டன் பஸ் கட்டணத்தில் நெரிசல் நேரம் என்ற ஒன்றே கிடையாது, எங்கள் அட்டையைத் தவிர. அதிலும் மாலை ஐந்து மணிக்குப் பஸ் நிரம்பி வழியும்போது நாங்கள் தாராளமாக இலவசமாக ஏறலாம். நெரிசல்தான் காரணம் என்றால் மாலையில் அந்தக் காரணம் எங்கே போய்விடுகிறது?

இன்னொன்று. எங்கள் வயதில் லண்டன் போக்குவரத்து என்றால் பஸ்தான். பாதாள ரயிலின் 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் படி ஏறாமல் போய்வரலாம். பஸ்ஸோ தாழ்ந்த தளத்தோடு நடைபாதைக்குச் சமமாக வந்து நிற்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் நீட்டுகிறது, அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போகிறது. பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டரில் தொங்கி ஏறிய காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் பஸ்கள் 2005இல் வழக்கமான சேவையிலிருந்து விலகின. இவ்வளவு செலவழித்து முழங்கால் வலிக்காரருக்கு ஏற்ற பஸ் செய்துவிட்டு, காலையில் அவரைத் தரிப்பிடத்தில் நிறுத்திவைப்பது என்ன கணக்கு?

கட்டுப்பாட்டினால் நெரிசல் குறைகிறதா என்றால், என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. 8.40க்கு ஒருவர், 8.47க்கு இருவர் என்று ஏறியிருக்கவேண்டியவர்கள் எல்லோரும் 9.01 பஸ்ஸில் ஒரேயடியாக ஏறுகிறார்கள். தள்ளுவண்டி, கைத்தடி, குழந்தை வண்டி எல்லாம் ஒரே வாசலில்.

இந்த நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது மேயரின் கையில் இருக்கிறது. அவரைக் கேள்வி கேட்கும் லண்டன் அசெம்பிளியில் 25 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதிக்கும் ஒருவர் உண்டு. கோயில் தேருக்கு வீதி மறிப்பதற்கு எழுதத் தெரிந்த எங்களுக்கு இதற்கு எழுதத் தெரியாதா? "பஸ்ஸில் மட்டும் காலை நேரத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று நாலு வரி போதும். ஆங்கிலம் ஓடாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். நான் போன கிழமை எழுதிவிட்டேன்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லை. அன்று ஒன்பது மணிக்குப் பிறகு வந்த முதல் பஸ் நிரம்பி இருந்தது, நிற்காமலே போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம். ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் அவர் இறங்கும்போது மணி 9.24. "நேரம் போட்டுது, எடுப்பினமோ தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, மழைக்குள் எட்டி நடந்தார்.