முற்பணமும் துண்டும்

கொழும்புக்கு வரும் உல்லாசக் கப்பல்கள் பலவற்றில், பயணிகள் கரையிறங்குமுன்னரே அடுத்த பயணத்திற்கு இடம் பதியலாம். சிறு முற்பணம் செலுத்துவோர்க்குக் கப்பலிற் செலவிடச் சலுகைத் தொகை கிடைப்பதுமுண்டு. ஆயினும் நிபந்தனைகள் வேறுபடும்: சில கப்பல்களில் முற்பணம் திரும்பக் கிடைக்கும், சிலவற்றிற் கிடையாது.

முற்பணம் என்றதும் அட்டன், நுவரெலியாத் தோட்டத்தார்க்குத் 'துண்டு' நினைவுக்கு வருமன்றோ? தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவே தொழிலாளரின் முதற்கடன். தோட்டம் மாற விரும்பினால், கடன்தொகை குறித்த துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அதனைச் செலுத்தும். கடன் தீரவில்லை, இடம் மாறியது. அம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

கப்பற் பயணி முற்பணம் கொடுப்பவர். நம் முன்னோர் வாங்கியவர். பாடமோ ஒன்றே. மாணவர்களே, சலுகையைக் கண்டு மகிழுமுன் நிபந்தனையைப் படியுங்கள், பின்னரே கையொப்பமிடுங்கள்.