நாயும் நற்பழக்கமும்

நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டும் நம் நாட்டில், அதன் பெயரே வசைமொழியாகவும் வழங்குகின்றது. இம்முரண்பாடு நம் இல்லங்களிலும் உண்டு. குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகின்றோம்; அது வளர்ந்து மேலே பாய்ந்தவுடன் கோலை எடுக்கின்றோம். தவறு நேருமுன் நல்வழி காட்டாது, நேர்ந்தபின் ஒறுத்தல் முறையாகுமோ?

எம் இல்லத்தில் முன்னர் ஒரு குட்டி வளர்ந்தது. வருவோர்மீதெல்லாம் அது தாவும். யாமும் கண்டு நகைத்தோம். ஓராண்டு கழிந்து அது அவ்வாறே தாவியபொழுது முதியவர் ஒருவர் வீழ்ந்தார். அன்றுமுதல் அடியும் சங்கிலியுமே அதற்குக் கிடைத்தன. நாள்முழுதும் கட்டுண்டு கிடந்த அந்நாய் எவரையும் நெருங்கவிடாத சினமுடையதாயிற்று. இறுதியில் தொலைவிலுள்ள தோட்டமொன்றிற்கு அனுப்பப்பட்டது. குற்றம் யாருடையது? எம் நகைப்பே அதற்கு யாம் கற்பித்த பாடமன்றோ?

'அடியாத மாடு படியாது' என்பர் சிலர். அடியினால் விளைவது அச்சமே, அறிவன்று. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுதலை விடுமேயன்றிச் சினத்தை விடாது. பின்னர் முன்னறிவிப்பின்றியே கடித்தலும் கூடும்.

ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த 3-ஆம் வாரமுதல் ஏறக்குறைய 12-ஆம் வாரம்வரை உள்ள பருவமே, குட்டி பிறரோடு பழகக் கற்கும் சிறந்த பருவம் என்று அவர்கள் விளக்கினர். அப்பருவத்தில் பலரையும் பல ஓசைகளையும் அச்சமின்றி அறியச் செய்தல் வேண்டும். வாயிலில் ஆள் வரின் அமரும்படி முன்னரே பழக்கி, அமர்ந்த அக்கணமே சிறிது உணவும் இன்சொல்லும் அளித்தல் வேண்டும்; காலந்தாழ்ந்து வரும் பரிசும் தண்டனையும் எதன்பொருட்டு என அது அறியாது. செருப்பைக் கடிக்குமுன் கடித்தற்குரிய பொருளைக் கொடுத்தலும், உண்டவுடனும் துயிலெழுந்தவுடனும் வெளியே அழைத்துச் செல்லுதலும் இம்முறையின்பாற்பட்டனவே. வளர்ந்த நாயும் கற்கும். ஆயின் பொறுமை மிக வேண்டும்.

விடுமுறைக்கு இல்லஞ்செல்லும் நண்பர்காள்! அங்கே வாலாட்டி எதிர்வரும் குட்டி நம்மிடம் கற்கக் காத்திருக்கின்றது. நாம் கற்பியாத பாடத்திற்காக அதனை ஒறுத்தல் அறமாகாது. கோலைத் தேடுமுன், யாது கற்பித்தோம் என நம்மையே வினவிக்கொள்வோமாக.