பாசியைப் படித்த பேராசிரியரும் நம் சங்கத்தின் கடமையும்

ஆண்டுதோறும் மகாசபை கூடும்போது வரவு செலவுக் கணக்கைப் படித்து ஏற்றுக்கொள்கிறோம். நூலுக்கும் சாயத்துக்கும், விதைக்கும் உரத்துக்கும் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு காசு விடாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஆசிரியர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அக்கடனை அங்கத்தினர்களுக்கு நினைவூட்டும் பொருட்டே, சென்னையில் வாழ்ந்த ஒரு பெரும் விஞ்ஞான ஆசிரியரைப் பற்றி இம்மாதம் எழுத முற்பட்டோம். அவர் பெயர் மண்டயம் பார்த்தசாரதி ஐயங்கார். எம். ஓ. பி. ஐயங்கார் என்றே தாவரவியல் உலகம் அவரை அறியும்.

1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் பயின்று, 1911இல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். வேளச்சேரியிலிருந்து அக்கல்லூரி சில மைல் தூரமே. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஆசிரியராக இருந்த பின்னர், 1920இல் தாம் பயின்ற மாநிலக் கல்லூரிக்கே திரும்பினார். 1930இல் லண்டன் சென்று, பாசியியலில் பெரும் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் பிரிட்ஷ் அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். அப்போது ஐயங்காருக்கு வயது 43. அந்த வயதில், பேராசிரியர் பதவியில் இருந்த ஒருவர் மீண்டும் மாணவராவதற்கு எத்தகைய பணிவு வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கற்பதை நிறுத்தாதவரே கற்பிக்கத் தகுதியுடையவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. திரும்பி வந்தபின் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்துக்கு இயக்குநராகி, 1944 வரை அதனை நடத்தினார்.

அவர் தம் வாழ்நாளை ஒப்படைத்தது பாசிக்கு. பாசி என்றால் நமக்கு என்ன தோன்றும்? படித்துறையில் வழுக்கும்; தொட்டியில் படர்ந்தால் சுரண்டி எறிய வேண்டும்; அவ்வளவே. ஐயங்காரோ குட்டையில் தேங்கிய மழைநீரையும், அது வற்றும்போது எஞ்சும் ஈரச் சேற்றையும் நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அத்தகைய ஈர மண்ணில் வாழும் ஒரு புதிய பாசியினத்தைக் கண்டு 1932இல் உலகுக்கு அறிவித்தார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்குபோல் திரண்டிருக்கும். மற்றொரு பகுதி மேல்நோக்கி இழை இழையாக வளரும். நீரில் வாழ்ந்த தாவரங்கள் ஆதியில் எவ்வாறு நிலத்துக்கு ஏறியிருக்கக்கூடும் என்று ஆராய்வோர் இச்சிறு பாசியை இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். அதற்கு அவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. தம் ஆசிரியரின் பெயரால் பிரிட்ஷியெல்லா என்று வழங்கினார்.

இதனால் உழவனுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதே பிரிட்ஷ் அவர்களும், வங்காளத்தைச் சேர்ந்த பி. கே. டே என்னும் ஆய்வாளரும், நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரச்சத்தாக மாற்றுகின்றன என்று 1938இல் எழுதினர். நீர் கட்டிய நெல்வயல் உரமிடாமலே ஆண்டுக்கணக்கில் விளைந்து வந்ததற்கு ஒரு காரணம் அப்போது விளங்கிற்று. நட்ட 10ஆம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசித் தூளைத் தூவி, வயலில் மெல்லிய அளவு நீரை நிறுத்தி வைக்குமாறு நம் வேளாண்மைப் பல்கலைக் கழகம் இன்று சொல்லுகிறது. பாசி உரமே போதும், மற்ற உரம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. யூரியா மூட்டையின் ஒரு பங்கை வயலே தருமானால் அது உழவனுக்கு லாபமே. அவ்வளவுக்கும் முதல் அடிப்படை, எந்தப் பாசி எது என்று பிரித்தறியும் அறிவு. அவ்வறிவை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முதல்வர் ஐயங்கார்.

நல்லாசிரியரின் பெருமையை அவர் மாணவர்களிடம் காண வேண்டும். ஐயங்காரின் மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூலை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பதிப்பித்தது. ஐயங்கார் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் காலமானார். வால்வாக்ஸ் முதலிய பாசிகளைப் பற்றிய பெருநூல் 1981இல்தான் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து 18 ஆண்டுகள் சென்ற பின்னும், நூலின் முகப்பில் அவர் பெயரை முதலிலும் தம் பெயரை அடுத்தும் வைத்தார் தேசிகாச்சாரி. மாணவர் ஒருவர் தம் ஆசிரியருக்குச் செலுத்தக்கூடிய காணிக்கை இதைவிட வேறென்ன உண்டு?

நெசவாளர் அன்பர்களுக்கும் அந்த ஆய்வகத்தில் பங்குண்டு. ஐயங்காருக்குப் பின் அதன் இயக்குநரான டி. எஸ். சதாசிவன், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணில் வாழும் பூஞ்சணங்களைப் பற்றிப் பயின்றவர். பருத்திச் செடியை நின்ற நிலையிலேயே வாட வைக்கும் வாடல் நோயை அவரும் அவர் மாணவர்களும் பல்லாண்டு ஆராய்ந்தனர். அந்நோயின் பூஞ்சணம் வேர் வழியே புகுந்து, நீர் செல்லும் குழாய்களில் தங்கி, செடிக்குள்ளேயே ஃபூசாரிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது என்று 1950களில் அங்கிருந்தோர் காட்டினர். பகை மண்ணில் இருக்க, இலையில் மருந்தடித்துப் பயனில்லை என்பது உழவனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம். தறியில் ஏறும் ஒவ்வொரு இழைக்கும் பின்னால் இத்தகைய ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். வேளச்சேரி ஒரு காலத்தில் ஏரியும் நெல்வயலுமாக இருந்ததை மூத்த அங்கத்தினர்கள் கண்டிருக்கிறார்கள். இன்று ஏரி சுருங்கிவிட்டது. அதில் கழிவுநீர் கலக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரிக்குரிய இடத்தை நீர் தானே வந்து கேட்டதையும் கண்டோம். அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது நமக்கு ஆறுதல். எனினும் அந்நீரில் என்ன வாழ்கிறது என்பதை ஒரு முறையேனும் கண்ணால் கண்ட பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? பாடப் புத்தகத்தில் பாசியின் படத்துக்குப் பெயர் குறித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தெருக்கோடியிலுள்ள ஏரி நீரில் ஒரு துளியைப் பார்த்ததில்லை.

ஆகவே எமது யோசனை இது. வரும் மகாசபையில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, அங்கத்தினர்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்கு நுண்பெருக்கிகள் வாங்கவும், விஞ்ஞான ஆசிரியர் மாணவர்களை ஏரிக்கரைக்கும் வயலுக்கும் தறிக்கூடத்துக்கும் அழைத்துச் செல்லும் செலவுக்கும் தரவேண்டும். நூல் விலையும் கூலியும் நெருக்கும் இவ்வேளையில் பள்ளிக்கூடத்துக்குப் பணமா என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் 1844இல் ராச்டேல் நகரில் கூட்டுறவைத் தொடங்கிய நெசவாளர்களும் ஏழைகளே. அவர்கள் 1850களிலேயே லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். உலகக் கூட்டுறவாளர் 1995இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியே. கல்விக்குக் கொடுப்பது தர்மம் என்று கருத வேண்டுவதில்லை. விதைநெல்லை எடுத்து வைப்பது போன்றதே அது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் உழைத்த ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஐயங்கார் ஓய்வு பெற்ற பின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. நம்மிடையே ஓய்வு பெற்று வாழும் விஞ்ஞான ஆசிரியர்களிடமும் இன்னும் கொடுக்கக்கூடிய அறிவு மிகுதியாக உண்டு. சங்கக் கட்டடம் ஞாயிறு மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது. அதனைத் திறந்து, அவர்களை அழைத்து, பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்போமாக. சாவியைத் தருவதற்குத் தீர்மானம் ஒன்று போதும், செலவு ஏதுமில்லை.