வெப்பநிலையும் வெப்ப ஏற்றமும்

கோடைக் காலத்தில் புதுக்கோட்டை போன்ற ஊர்களில் வெயிலின் கடுமையே மக்கள் பேச்சில் முதலிடம் பெறும். வெப்பம் 100 டிகிரியைக் கடந்த ஊர்களைத் தமிழ் நாளிதழ்கள் வரிசைப்படுத்தி வெளியிடும். அந்த 100 பாரன்ஹீட் அளவாகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையோ செல்சியஸ் அளவில் அறிவிக்கின்றது. ஆதலின், ஓரளவை மற்றோரளவாக மாற்றுதல் செய்தியாளர்க்கு அடிக்கடி நேரும் கடமையாகும். பிழை புகுவதும் இவ்விடத்தேதான்.

நீர் உறையும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. நீர் கொதிக்கும் நிலை முறையே 100, 212. ஆகவே, செல்சியஸ் எண்ணை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டினால் பாரன்ஹீட் எண் கிடைக்கும். 40 டிகிரி செல்சியஸ் 104 டிகிரி பாரன்ஹீட் ஆவது இவ்வாறே. இவ்விதி வெப்பநிலைக்கு உரியது. வெப்பம் இவ்வளவு ஏறிற்று என்று கூறுமிடத்து 32-ஐக் கூட்டுதல் தகாது.

புதுக்கோட்டையை அடுத்த கவிநாட்டுக் கண்மாயில் இரண்டு அளவுகற்கள் நட்டிருப்பதாகக் கொள்க. ஒன்றில் தரைமட்டத்திற்கு நேரே 0 என்றும், மற்றொன்றில் அதே மட்டத்தில் 32 என்றும் பொறித்துள்ளனர். கோடுகளின் இடைவெளி இரண்டிலும் ஒன்றே. ஓரிரவு மழையில் நீர் 2 கோடு உயர்ந்தால், இரு கற்களும் 2 கோட்டு ஏற்றத்தையே காட்டும். தொடக்க எண் வேறாயினும் ஏற்றம் வேறாகாது. வெப்பமானியில் கோடுகளின் இடைவெளியும் வேறாதலின், பெருக்கலும் வகுத்தலும் வேண்டும், கூட்டல் வேண்டா.

வெப்பம் இயல்பினும் 2 டிகிரி செல்சியஸ் மிகும் என்றால், 3.6 டிகிரி பாரன்ஹீட் மிகும் என்பதே பொருள். அதனை 35.6 என எழுதுவோரும் உளர். அது மெய்யாயின், 100 டிகிரி இயல்பாகவுள்ள ஊரில் வெப்பம் 135.6 ஆதல் வேண்டும். 1913-இல் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரியே உலகின் உச்சமாகக் கொள்ளப்படுகின்றது. சிறிது எண்ணிப் பார்த்திருப்பின் இப்பிழை நேர்ந்திராது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. உலக வெப்ப ஏற்றத்தை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த முயல்வதென 2015-இல் பாரிஸில் நாடுகள் உடன்பட்டன. அஃது 2.7 டிகிரி பாரன்ஹீட். அதனை 34.7 என அச்சிட்டால், படிப்போர் நகைத்து ஒதுக்குவர். மெய்யான எச்சரிக்கையும் பொய்யெனத் தள்ளப்படும். வயலிலும் கல்குவாரியிலும் வெயிலில் நின்று உழைப்போர்க்கு அவ்வெச்சரிக்கை உயிர்காக்கும் துணையன்றோ?

அறிவியற் செய்தி எழுதுவோர்க்குச் சொல்வளம் மட்டும் போதாது. எண்ணை மாற்றுமுன், ‘இது நிலையைக் குறிக்கின்றதா, ஏற்றத்தைக் குறிக்கின்றதா?’ என வினவுதல் வேண்டும். மூல அளவையும் மாற்றிய அளவையும் அருகருகே தருதல் நன்று. படிக்கும் மாணாக்கரும் அவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடப் பழகுதல் வேண்டும். அச்சேறியது என்பதனாலேயே எந்த எண்ணும் உண்மையாகி விடாது.